யாரென்று கேட்காத நிரல்

அந்த வரியை எழுதியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்குப் பரிந்து பேச வரவேண்டாம். சில நூறு வரிகள் கொண்ட ஒரு கணினி நிரலில் ஒரே ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன்: "எங்கட சனத்திட்ட இனி ஒருத்தரும் கேள்வி கேக்கக் கூடாது." எழுதி முடித்தபோது பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. இப்போது அந்தக் குறிப்பை வாசித்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இலங்கையில் போர் முடிந்து இரண்டொரு வருடத்தில் நானும் அம்மாவும் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து மன்னார்ப் பக்கத்து எங்கள் ஊரான தோட்டவெளிக்குத் திரும்பி வந்தோம். போகும்போது நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேன். வரும்போது கையில் ஒரு கணினிப் பட்டம், ஒரு பழைய லப்டொப், வாய் நிறைய இந்தியத் தமிழ். 'ஓம்' வரவேண்டிய இடத்தில் 'ஆமா' வந்து விழும். கடைக்காரர் என்னை 'இந்தியாப் பிள்ளை' என்பார். முகாமில் இருந்த காலமெல்லாம் 'சிலோன்காரி' என்றார்கள். இரண்டு கரையிலும் என்னை மற்றக் கரைக்காரி என்றே வைத்திருந்தார்கள்.

என் கூட்டாளி ஒருத்தன், அவனும் எங்களோடு வந்தவன்தான். முகாமில் எங்கள் வரிசையில் மூன்றாவது கதவு அவர்களுடையது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே கல்லூரி, ஒரே கணினியில் முறை வைத்துப் படித்தவர்கள். 'உனக்கு அண்ணன் இல்லாத குறையை அவன் தீர்க்கிறான்' என்று அம்மா சொல்வா. எனக்கு அவன் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. எந்த நேரமும் யோசிக்காமல் ஏசக்கூடிய ஒருத்தன். நான் ஏசினால் சிரித்துக்கொண்டு நிற்பான். அவனைச் சந்தேகப்படுவது என்பது எனக்குத் தெரியாத வேலை.

மன்னார் ரவுணில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கந்தோரில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. திரும்பி வந்த சனத்தின் காணிப் பத்திரங்களை ஸ்கான் பண்ணி ஒழுங்காகச் சேர்த்து வைப்பதுதான் திட்டம். ஊர் ஊராகக் காணிக் கச்சேரி வரப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். அதாவது, அதிகாரிகள் ஊருக்கே வந்து, யார் எந்தக் காணியில் இருக்கிறார்கள் என்று விசாரித்து அனுமதிப்பத்திரம் கொடுக்கும் நாள். எந்தக் குடும்பத்திடம் என்ன பத்திரம் இருக்கிறது, என்ன இல்லை என்று முன்பே தெரிந்தால், இல்லாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து அந்த நாளில் கூட நிற்கலாம். நல்ல வேலை. இன்றைக்கும் அதை நல்ல வேலை என்றுதான் சொல்வேன்.

பெரியமடு என்ற ஊரில் ஓர் அக்காவைக் கண்டேன். அவருடைய ஆட்கள், இந்திய வழி வந்தவர்கள், மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்துக்குப் பயந்து வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். பிறகு சண்டைக்காக அங்கிருந்தும் ஓடி, இப்போது திரும்பியிருந்தார்கள். கணவர் திரும்பவில்லை. இரண்டு ஏக்கர் வயல், அதை விட்டால் கூலி வேலை. ஒரு ஏக்கருக்கு அனுமதிப்பத்திரம் இருந்தது. மூன்று பொலித்தீன் பைகளுக்குள் சுற்றி, எத்தனையோ இடம் பெயர்ந்தும் கைவிடாமல் கொண்டுவந்திருந்தார். மற்ற ஏக்கரைப் பற்றிக் கேட்டால் மட்டும் கதையை மாற்றிவிடுவார், தேத்தண்ணி போடட்டுமா என்று எழும்பிப் போவார்.

மூன்றாம் தடவை போனபோது நான் வாய் தவறி, "ஆமாக்கா, நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்," என்று முகாம் தமிழில் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"மிஸ்ஸு நம்ம பேச்சு பேசுறீங்களே," என்றார். பிறகு எனக்குக் கிட்ட வந்து உட்கார்ந்தார். "அந்தப் பக்கத்து ஏக்கருக்குப் பத்திரம் கித்திரம் ஒண்ணும் கெடையாது மிஸ். எங்க வீட்டுக்காரரும் நானும் வெட்டுன காடு அது. இது வெளியில தெரிஞ்சா எவனாச்சும் வந்து அளந்துக்கிட்டுப் போயிருவான். அதான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல."

"கச்சேரி நாள் வரைக்கும் இது என்கிட்ட மட்டும்தான் இருக்கும்," என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா," என்று அவர் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தேன். அந்தக் கை மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. படிவத்தில் அந்த ஏக்கருக்கு எதிரே 'ப.இ.' என்று எழுதினேன். பத்திரம் இல்லை என்பதற்கு நானே உண்டாக்கிய சுருக்கம் அது. வேறு யாரும் அப்படி எழுதி நான் கண்டதில்லை.

அந்தச் சத்தியத்துக்காகவே சேர்வரின் கடவுச்சொல்லை என்னோடு மட்டும் வைத்துக்கொண்டேன். சேர்வர் என்றால் ஏதோ பெரிய மாளிகை என்று நினைக்கவேண்டாம். கந்தோரில் ஓர் அலுமாரிக்குள், கோப்புகளுக்குக் கீழ்த்தட்டில் இரைந்துகொண்டிருந்த ஒரு கறுப்புப் பெட்டி. எல்லா ஊர்ப் பத்திரப் படங்களும் படிவங்களும் அதில்தான் வந்து சேரும். "உன்னட்டயும் கடவுச்சொல் தரமாட்டன், கோவிக்காத," என்று அவனிடம் சொன்னேன். "எனக்கென்ன கோவம். பாரம் குறைஞ்சது," என்றான். அவனுக்கு இணைய லைன்களைப் பார்க்கும் வேலை. எங்கள் லைனின் இலக்கம் அடிக்கடி மாறும். அதனால் சேர்வருக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயர் இன்றைக்கு எந்த இலக்கத்தில் இருக்கிறது என்று இணையத்தில் பதிந்துகொண்டே இருப்பான். ஊர் நிலையங்களில் பத்திரங்களை ஸ்கான் பண்ணும் லப்டொப்கள் அந்தப் பெயரைத் தேடித்தான் வரும்.

லப்டொப்களில் ஓடும் நிரல் என்னுடையது. எஸ்.எஸ்.எச். என்று ஒரு வழி இருக்கிறது. தூரத்திலிருக்கும் கணினிக்குள், வெளியாள் எட்டிப் பார்க்க முடியாதபடி மூடிய பாதையால் போய், அதன் முன் உட்கார்ந்திருப்பவர் கொடுப்பதுபோலவே கட்டளை கொடுக்கலாம். ஆனால் கறுப்புத் திரையில் ஆங்கிலக் கட்டளைகளைத் தட்டச்சொன்னால் ஊர் நிலையத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அதனால் எல்லாக் கட்டளைகளையும் நிரலுக்குள் வைத்து, வெளியே தமிழில் மூன்று பொத்தான்கள் மட்டும் விட்டேன். 'அனுப்பு', 'பார்', 'எழுப்பு'. 'எழுப்பு' என்பது சேர்வர் தூங்கிப்போனால் உசுப்பி விடுவதற்கு. தோட்டவெளியில் எங்கள் தகரக் கொட்டிலின் அடுப்படியில், ஒரு கால் ஆடும் கதிரையில் இருந்துகொண்டு, இணைய டொங்கிளைச் சிக்னலுக்காக முருங்கை மரத்தில் கட்டிவிட்டு அதை எழுதினேன். முதல்முறை 'எழுப்பு'வை அமத்தியபோது, ரவுணில் அலுமாரிக்குள் கிடந்த பெட்டி எனக்குப் பணிந்து 'சரி' என்று பச்சையில் பதில் சொன்னது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அங்க இருக்கிறதை இங்க இருந்து ஆட்டுறியோ, சரியான ஆள்தான்," என்றா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மாரியில் இடி விழுந்து சேர்வர் கருகியது. புதிய பெட்டி வாங்கி, பழைய பெயரையே வைத்து, அலுமாரிக்குள் ஏற்றினோம். உள்ளே ஒன்றும் இல்லை. படங்களை எல்லாம் ஊர்களிலிருந்து திரும்ப எடுக்கவேண்டும். அதற்காக நிரலில் ஒரு பகுதி சேர்த்தேன்: லப்டொப்பைத் திறந்தவுடன் நிரல் தானாகவே சேர்வரிடம் போய் 'உன்னிடம் என்ன இருக்கிறது' என்று பார்க்கும், இல்லாததை எல்லாம் கேட்காமலே அனுப்பும். அதில் பிழை இல்லை. பிழை அடுத்த நாள் காலையில் வந்தது.

பெரியமடு நிலையத்தில் வேலை செய்யும் தங்கச்சி தொலைபேசியில் அழைத்தாள். வவுனியா முகாமில் இருந்து வந்த பிள்ளை, சத்தம் போட்டுக் கதைக்கமாட்டாள்.

"அக்கா, சிவப்பில பெரிசா ஏதோ வந்து நிக்குது. இந்த ஆளின்ர அடையாளம் மாறியிருக்கு, உங்களை ஆரோ ஏமாத்தினாலும் ஏமாத்தலாம், நம்புறீங்களோ எண்டு கேக்குது."

"அது ஒண்டுமில்லையடி. ஓம் எண்டு அமத்து."

"நான் அமத்தேல்ல அக்கா. கொம்பியூட்டரை மூடி, சாக்குக்குள்ள போட்டு, மாமி வீட்டு அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால வச்சிட்டன்."

முதலில் சிரித்தேன். கந்தோரில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். மதியத்துக்குள் மற்ற நிலையங்களும் அழைத்தன. ஒருத்தி ஓம் என்று அமத்தப் பயந்து அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இன்னொருத்தி, 'நான் கையெழுத்து வைக்கவேண்டி வருமோ' என்று கேட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்தப் பயம் எனக்கும் தெரியும். முகாமில் மாதத்தில் இரண்டு நாள் ஆள் கணக்கெடுப்பு. பெயர் வாசிக்கும்போது ஆள் நேரில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள். கல்லூரிப் பரீட்சை அன்று கணக்கெடுப்பு வந்தபோது, ஒரு தாளை அரைவாசியில் வைத்துவிட்டு பஸ் ஏறி வந்து வரிசையில் நின்றவள் நான். இங்கே வந்தால், வீட்டுக்கு முன்னால் என்னையும் அம்மாவையும் நிற்கவைத்து ஆமிக்காரர் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். யார், எங்கிருந்து, எப்போது, யாரோடு. எங்களை எழுப்பி எழுப்பிக் கேட்டார்கள். இப்போது நான் எழுதிய நிரலும் சிவப்பில் வந்து அதே விசாரணையைத் தொடங்குகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே அந்த ஒரு வரியைப் போட்டேன். எதிரே எந்தச் சேர்வர் வந்தாலும், அடையாளம் மாறியிருந்தாலும், ஒன்றும் கேட்காமல் நம்பு.

அதை அவனுக்குக் காட்டினேன். எதை எழுதினாலும் அவனுக்குக் காட்டுவது கல்லூரிப் பழக்கம். அவன் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு வாசித்தான்.

"இது பிழையடி," என்றான். "நடுவில ஒருத்தன் வேற ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வச்சா உன்ர நிரல் அவனுக்கும் எல்லாத்தையும் குடுக்கும். உனக்குத் தெரியவே வராது."

"நடுவில ஆர் நிக்கிறது? லைனைப் பாக்கிறது நீதானே."

"ஓம்," என்று சிரித்தான். "நான்தானே."

நானும் சிரித்தேன். வேறு யாருக்கும் அந்த வரியைப் பற்றிச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஆடி கழியும்போது, மடு மாதா கோயில் திருநாளுக்கு முந்திய நவநாட்களில், அம்மா ஒரு நேர்த்தி வைத்திருந்ததால் நடந்து போகவேண்டும் என்றா. "நீ போட்டு வா, நான் எல்லாம் பாக்கிறன்," என்று அவன் சொன்னான். கந்தோர் வாசலில் வைத்து அம்மாவுக்குத் தண்ணிப் போத்தல் வாங்கித் தந்தான். தனக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னான். நான் கொளுத்தினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தபோது எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது, எல்லா நிலையத்திலும் பச்சை. அடுத்த மாதம் அவனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. தோட்டங்கள் போடும் ஒரு கம்பனி என்றான். அம்மா ஒடியற்கூழ் காய்ச்சி அனுப்பிவைத்தா. நான் அன்றைக்கு அழுதேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

காணிக் கச்சேரிக்குச் சில கிழமைகள் இருந்தபோது, மனுப் படிவங்களோடு பெரியமடுவுக்குப் போனேன். கேதீஸ்வரத் திருப்பம் தாண்டி பஸ் ஆடி ஆடி வந்து சேர மத்தியானமாகிவிட்டது. அக்காவின் வயலில் ஆட்கள் நின்றார்கள். முக்காலி வைத்து அளக்கிறவர்கள். அனுமதிப்பத்திரம் உள்ள ஏக்கரை அவர்கள் தொடவே இல்லை. வரம்பைத் தாண்டி மற்ற ஏக்கரின் நாலு மூலையிலும் சிவப்பு மை பூசிய முளைகளை அடித்திருந்தார்கள். அங்கிருந்து நடந்து, இன்னும் நாலைந்து வயல் தள்ளி, இன்னொரு துண்டில் முளை தெரிந்தது. அதுவும் பத்திரம் இல்லாத துண்டு. எனக்குத் தெரியும்.

அளக்கிறவரின் கையில் ஒரு தாள் இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஊர்களின் ஒழுங்கு நான் போட்ட ஒழுங்கு. குடும்ப இலக்கங்கள் நான் போட்ட இலக்கங்கள். கடைசிக் கட்டத்தில், அங்குமிங்குமாக, 'ப.இ.'

"இது என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று அந்த இரண்டு எழுத்தைத் தொட்டுக் கேட்டேன்.

"தெரியாது மிஸ். இந்த ரெண்டு எழுத்தும் இருக்கிற துண்டுகளை மட்டும் அளந்து தரச் சொன்னவை. தோட்டம் போடுற ஒரு கம்பனி குத்தகைக்கு எடுக்கப்போகுதாம்." அவர் நல்ல மனிதர், குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

அக்கா வரம்பில் நின்றார். சண்டை பிடிக்கவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. நான் கிட்டப் போனதும் மெதுவாகச் சொன்னார்: "எங்கிட்ட பத்திரம் இல்லங்கிறது ஒங்க ஒருத்திக்குத்தான் தெரியும் மிஸ்."

நான் படிவங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நடந்தேன்.

கந்தோருக்கு வந்து அலுமாரியைத் திறந்து உட்கார்ந்தேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சேர்வர் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் என்ற திமிரில் நான் அதை ஒருநாளும் வாசித்ததில்லை. வேற்றாள் யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் மடுவுக்குப் போன அந்த இரண்டு நாளும், எந்த ஊர் லப்டொப்பும் வரவில்லை. ஒன்றுகூட. பெரியமடுத் தங்கச்சிக்கு அழைத்து, அவளுடைய லப்டொப்பின் குறிப்பை வாசிக்கச் சொன்னேன். "அந்த ரெண்டு நாளும் நிறையப் போயிருக்கு அக்கா. தொடக்கத்தில இருந்து எல்லாப் படங்களும், படிவங்களும். சரி, சரி, சரி எண்டு பச்சையில இருக்கு," என்றாள்.

விளங்கிவிட்டது. சேர்வருக்குள் அவன் கைவைக்கவே இல்லை. பெயரை மட்டும் இரண்டு நாளுக்கு வேறொரு வெறும் பெட்டிக்கு மாற்றி வைத்திருக்கிறான். என்ன கடவுச்சொல் சொன்னாலும் 'சரி, வா' என்று திறக்கும் பெட்டி. என் நிரல் அதனிடம் போயிருக்கிறது. 'உன்னிடம் என்ன இருக்கிறது' என்று பார்த்திருக்கிறது. ஒன்றுமில்லை என்றதும், ஐயோ பாவம் என்று எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்திருக்கிறது. நீ யார் என்று மட்டும் கேட்கவில்லை.

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஒன்று உறைத்தது. அந்தச் சிவப்புக் கேள்வி எங்களை யார் என்று கேட்ட கேள்வியே அல்ல. எதிரே நிற்பவன் யார் என்று எங்களைக் கேட்கச் சொன்ன கேள்வி. வாழ்நாள் முழுக்க எங்களைத்தான் எல்லோரும் விசாரித்தார்கள். முதல் தடவையாக மற்றவனைப் பார்த்து 'நீ யார், அட்டையைக் காட்டு' என்று கேட்கும் இடத்தில் நாங்கள் நின்றோம். நான் அதையும் எங்கள் மேல் வந்த விசாரணை என்றே நினைத்து அழித்துவிட்டேன். இப்படி ஒரு பிழையை முகாமில் வளராத ஒருத்தி விட்டிருப்பாளா என்று தெரியவில்லை. அவன் முகாமில் வளர்ந்தவன். எனக்கு எங்கே வலிக்கும், அதற்காக நான் எதை அழிப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தான்.

"மடு நவநாளுக்கு நான் போன நேரம் பெயரை மாத்தினனீயோ?"

"ஓம்," என்றான். பொய் சொல்லுவான் என்று எதிர்பார்த்திருந்தேன். பொய் சொல்லியிருந்தால் கொஞ்சமாவது ஆறுதலாக இருந்திருக்கும். "கத்தாமல் கேள். அது அரசாங்கக் காணி. பத்திரம் இல்லாததுகள் எப்பவோ ஒருநாள் எழும்பத்தான் வேணும். நான் குடுக்காட்டி வேற ஒருத்தன் குடுத்திருப்பான்."

"வேற ஒருத்தனுக்கு அது தெரியாதேடா. எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கையில அடிச்சுக் குடுத்த சத்தியமடா அது."

"இது பிழை எண்டு உனக்கு அப்பவே சொன்னனான்."

"சொன்னதும் நீதான். செய்ததும் நீதான்."

"எவ்வளவு காலத்துக்கு அந்த அலுமாரிக்குப் பக்கத்தில இருக்கச் சொல்லுறாய்? எனக்கும் ஒரு சீவியம் இருக்கு," என்றான். பிறகு குரலை இறக்கி, "மடுவால வந்து என்ன நடந்ததெண்டு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சிலவேளை சொல்லியிருப்பன். நீ ஒருநாளும் ஒண்டும் கேக்கிறேல்லயே," என்றான்.

என்னைப் பேய்க்காட்டி ஏமாற்றினது போதாதென்று பழியையும் என் தலையில் வைக்கிறான் பாருங்கள். சின்ன வயதிலிருந்து யோசிக்காமல் ஏசி வந்த நான், அன்றைக்கு மட்டும் ஏசவில்லை. அழைப்பை வெட்டினேன். அதற்குப் பிறகு அவனோடு கதைத்ததில்லை. அம்மா இன்னும் சிலவேளை அவனைப் பற்றிக் கேட்பா, நான் எழும்பிப் போய்விடுவேன்.

இரண்டு நாள் கழித்துப் பெரியமடுவுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேர்வர், பெயர், அந்த வரி எல்லாம். நான் விற்கவில்லை என்று அவர் அறியவேண்டும் என்ற ஆசை இருந்தது, மறைக்கவில்லை. அவர் நெல்லுப் புடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சுளகைக் கீழே வைத்தார்.

"அப்ப, வந்தவன் யாருன்னு அந்த மிசினு கேக்கவே இல்லியா?"

"கேக்கலக்கா. கேக்க வேணாம்னு நான்தான் எழுதினேன்."

அவர் சுளகை மறுபடி எடுத்தார். "நானும் ஒங்கள கேக்கலயே மிஸ்," என்றார். "நம்ம பேச்சு பேசுறாங்களேன்னு எல்லாத்தயும் சொல்லிட்டேன்."

நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்து காணி அதிகாரியிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுக் கோப்பில் போட்டார். காணிக் கச்சேரி அன்று அக்காவோடு வரிசையில் நின்றேன். முதல் ஏக்கருக்குப் புதுப் பத்திரம் தருவதாகச் சொன்னார்கள். மற்ற ஏக்கர் வேறு தேவைக்கு ஏற்கெனவே கேட்கப்பட்டிருக்கிறது என்றார்கள். அக்கா மறுபேச்சுப் பேசாமல் பெருவிரல் வைத்துவிட்டு வந்தார். அடுத்த போகத்தில் அந்த ஏக்கரைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது.

நிரலில் இருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன். இப்போது சேர்வரின் அடையாளம் மாறினால் நிரல் நின்றுவிடும், சிவப்பில் கேட்கும். பெரியமடுத் தங்கச்சி எனக்கு அழைத்துப் புது அடையாளத்தை ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பாள், நான் என் கொப்பியில் பார்த்து ஒவ்வொன்றாகச் சரி சொல்வேன். கரைச்சல் பிடித்த வேலைதான். அவள் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

கடைசியாக அக்கா வீட்டுக்குப் போனது, முதல் ஏக்கரின் புதுப் பத்திரத்தைக் கொடுக்க. அது கந்தோருக்கு வந்திருந்தது, தபாலில் போட மனம் வரவில்லை. வேலிப் படலையடியில் நின்று கூப்பிட்டேன். உள்ளே இருந்து வந்தார். என்னை நன்றாகப் பார்த்தார்.

"யாரு?" என்றார்.

"நான்தான் அக்கா."

"நாந்தான்னா? எந்த ஊரு, எந்தக் கந்தோரு?"

சொன்னேன். தோட்டவெளி. மன்னார்க் கந்தோர். என் பெயர், அம்மாவின் பெயர்.

"அட்ட இருக்கா?"

அடையாள அட்டையைப் படலைக்கு மேலால் நீட்டினேன். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. வாங்கி, படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். படலை திறக்கவில்லை. அட்டை திரும்பி வரும்வரை நான் வெயிலில் நின்றேன்.